ஈப்போவில் பிறந்த நாளிதழும் அகமட் பூஸ்தமாமும்: வரலாற்றுப் பாடத் துணைக்கட்டுரை



படிவம் 4 வரலாற்றுத் தாள்களைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி உண்டு: 'அகமட் பூஸ்தமாம் ஆப்பி இயக்கத்தின் தலைவர்.' அவ்வளவுதான். வரி சரி, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அடுத்த கேள்வி 'ஏன்?', 'எப்படி?' என்று வந்தால் பேனா நின்றுவிடுகிறது.

வகுப்பில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "இவர் வேலை செய்த ஊர் எது?" பாதிப் பேர் கோலாலம்பூர் என்பார்கள், சிலர் சிங்கப்பூர் என்பார்கள். ஈப்போ என்று சொல்பவர் அபூர்வம். நாம தினமும் பேருந்தில் கடக்கிற ஊரில்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. வரலாறு எப்போதும் வேறு எங்கோ, வேறு யாருக்கோ நடந்தது என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் விழுந்துவிடுகிறது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். ஆக, இந்த எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சம் அதிகம்தான்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வருகிறது. பூஸ்தமாம் முதலில் பத்திரிகைக்காரர், பிறகுதான் அரசியல்வாதி. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பி.கே.எம்.எம்., ஆப்பி, பூத்ரா, அவசரகாலம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யும் பெயர்கள் எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்.

பேராக் பையன்

அவருடைய இயற்பெயர் அப்துல்லா சானி. 1920 நவம்பர் 30 அன்று பேராக்கின் தெற்கெல்லையில், தஞ்சோங் மாலிமுக்குப் பக்கத்தில் உள்ள பேராங் ஊலுவில் பிறந்தார். தஞ்சோங் மாலிம் என்றதும் ஆசிரியர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். நம்மில் பலர் படித்த உப்சி பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1922இல் அங்கே தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில்தான் மலாய் ஆசிரியர்களின் ஒரு தலைமுறை உருவானது. அந்தக் கல்லூரியில் படித்த இப்ராகிம் யாக்கோப் பின்னாளில் கே.எம்.எம். என்ற மலாய் இளைஞர் சங்கத்தின் தலைவரானார்.

அப்துல்லா சானி ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்த பையனுக்கு வீட்டில் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை. அவரோ மலாய் நாளிதழ்களில் எழுதப் போனார், கே.எம்.எம்.இலும் சேர்ந்தார். 1941இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பிரிட்டிஷார் அச்சங்கத்தினரை வளைத்துப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அதில் இவரும் ஒருவர். அப்போது வயது இருபத்தொன்று.

அவருடைய புனைபெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'பூஸ்தமாம்' என்ற பெயரின் முதல் பகுதி சுபாஷ் சந்திர போஸிடமிருந்து வந்தது என்பார்கள். நேதாஜி மீது அவருக்கு அவ்வளவு மதிப்பு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு நம் தோட்டங்களில் என்ன நடந்தது என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். கித்தா மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டன. பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதே மனிதரின் பேச்சு ஒரு மலாய் இளைஞரையும் தொட்டிருக்கிறது. இன வாரியாகப் பிரித்துப் படிக்கும் நம் பழக்கத்தில் இந்த மாதிரிப் பாலங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

ஒரு நாளிதழ் எப்படிக் கட்சியாகிறது?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். அரிசி இல்லை, ஜப்பானியர் அச்சடித்த வாழைமரத் தாள் பணம் செல்லாக்காசாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நாள்கள் அவை. அப்போது ஈப்போவில் ஒரு மலாய் நாளிதழ் வெளிவந்தது. பெயர் 'சுவாரா ராக்யாட்', அதாவது 'மக்கள் குரல்'. அதன் ஆசிரியர் பூஸ்தமாம். (ஆசிரியர் என்றதும் நம்மைப் போல வகுப்பு எடுப்பவர் என்று எழுதிவிடாதீர்கள் மாணவர்களே, இது பத்திரிகை ஆசிரியர்!)

இங்கே கொஞ்சம் நிதானித்து வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நாளிதழ் நடத்த என்னென்ன வேண்டும்? எழுதுபவர், அச்சடிப்பவர், ஊர் ஊராய் விற்கும் முகவர், செய்தி அனுப்பும் நிருபர், வாசகர். மாணவர்களே பட்டியல் போட்டுவிடுவார்கள். இப்போது அடுத்த கேள்வி: ஒரு கட்சி நடத்த என்ன வேண்டும்? கொள்கையை எழுத ஆள், துண்டறிக்கை அச்சடிக்க இடம், ஒவ்வோர் ஊரிலும் ஒரு தொடர்பாளர், கேட்க மக்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால்தான் அந்த நாளிதழைச் சுற்றி இருந்தவர்களே 1945 அக்டோபர் 17 அன்று ஈப்போவில் மலாய் தேசியக் கட்சியை, அதாவது பி.கே.எம்.எம்.ஐத் தொடங்க முடிந்தது. முதல் தலைவர் மொக்தாருடின் லாசோ. பிறகு தலைவரான டாக்டர் புர்ஹானுடின் ஹெல்மியும் பேராக்காரர்தான், கோப்பெங் பக்கம் பிறந்தவர்.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்கப் படிப்பார், லயத்து ஆள்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தமிழ் நேசன் 1924இல் தொடங்கியது, தமிழ் முரசு 1935இல். வாங்குவது ஒரு பிரதிதான், கேட்பதோ முப்பது பேர். பெரட்டுக்குக் கூடிய கூட்டம் மெல்ல மெல்லச் சங்கத்துக்கும் கூடத் தொடங்கியதில் இந்த வாசிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது. நாளிதழ் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய கருவி என்று மாணவருக்குப் புரிய வைக்க, இந்தத் தோட்டத்துக் காட்சியே போதும்.

ஆப்பி: பெயரிலேயே தீ

1946 பிப்ரவரியில் பி.கே.எம்.எம்.இன் இளைஞர் பிரிவாக 'அங்காத்தான் பெமுடா இன்சாஃப்' உருவானது. சுருக்கம் 'ஆப்பி'. மலாயில் 'ஆப்பி' என்றால் தீ. தலைவர் பூஸ்தமாம். பெண்கள் பிரிவின் சுருக்கம் 'அவாஸ்', பொருள் 'எச்சரிக்கை'. அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ஷம்சியா ஃபாக்கே. பத்திரிகைக்காரரின் கை இங்கே தெரிகிறது பாருங்க. தலைப்பு போடத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள்.

அதே ஆண்டு ஜூன் இறுதியில் அம்னோவின் கூட்டம் ஈப்போவில் நடந்தது. மலாயன் யூனியனை எதிர்ப்பதில் அதுவரை அம்னோவோடு நின்ற பி.கே.எம்.எம்., அந்தக் கூட்டத்தில் கொடி பற்றிய வாக்குவாதத்தில் வெளியேறியது. கொடி வெளியே தெரிந்த காரணம். உள்ளே இருந்தது பெரிய வேறுபாடு. பி.கே.எம்.எம். இந்தோனேசியாவோடு இணைந்த முழு விடுதலையைக் கனவு கண்டது, அம்னோ மலாய் ஆட்சியாளர்களின் உரிமையைக் காத்துப் படிப்படியாகப் போக நினைத்தது.

ஆப்பியின் முழக்கம் 'மெர்டேக்கா டெங்கான் டாரா', இரத்தம் சிந்தியாவது விடுதலை. இதை வகுப்பில் சொல்லும்போது கவனம் தேவை. வெறும் வீர வசனமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், பயங்கரவாதம் என்று ஒரே சொல்லில் மூடியும் வைக்காதீர்கள். அந்த முழக்கம் பிரிட்டிஷாருக்கு ஏன் அச்சம் தந்தது, இளைஞரை ஏன் இழுத்தது, மிதவாதிகளை ஏன் தள்ளி நிற்க வைத்தது என்று மூன்று பக்கமும் பேச வேண்டும். உயர்நிலைச் சிந்தனைத் திறன் கேள்விகள் கேட்பது இதைத்தான்.

நீதிமன்றத்தில் ஒரு சிறு நூல்

ஆப்பியின் அரசியல் கொள்கையை விளக்கி பூஸ்தமாம் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1947இல் அதற்காகத் தேச நிந்தனை வழக்கு வந்தது. தண்டனை 1,200 வெள்ளி அபராதம், கட்டத் தவறினால் சிறை. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பி தடை செய்யப்பட்டது. போருக்குப் பிறகு மலாயாவில் பிரிட்டிஷார் தடை செய்த முதல் அரசியல் அமைப்பு அது.

எழுத்துக்காக வழக்கு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஒரு நிமிடம் ஆப்பிரிக்காவுக்குப் போய் வருவோம், அதே பிரிட்டிஷ் பேரரசின் இன்னொரு மூலை அது.

நைஜீரியாவின் நம்டி அசிக்கிவே 1904இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்டின் அக்ரா நகரில் ஒரு நாளிதழுக்கு ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 1936இல் அவர் மீது தேச நிந்தனை வழக்கு. கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது, மேல்முறையீட்டில் விடுதலையானார். 1937இல் லாகோஸுக்குப் போய் 'வெஸ்ட் ஆஃப்ரிக்கன் பைலட்' நாளிதழைத் தொடங்கினார். 1944இல் கட்சி. 1960இல் நைஜீரியா விடுதலை பெற்றதும் தலைமை ஆளுநர், 1963இல் நாட்டின் முதல் அதிபர்.

தொடக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான்: நாளிதழ், கட்சி, வழக்கு. முடிவு ஏன் இவ்வளவு வேறு? நைஜீரியாவில் பிரிட்டிஷார் அசிக்கிவே போன்றவர்களோடு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். மலாயாவில் அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வேறு ஆள்களைத் தேர்ந்தெடுத்தார்கள், இடதுசாரிகளுக்குக் கதவை மூடினார்கள். அதிபர் பதவியும் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1966 ஜனவரியில் இராணுவப் புரட்சி அசிக்கிவேயின் பதவியைப் பறித்தது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் வைத்தால், ஒரு தலைவரின் வாழ்க்கையை அவருடைய திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை, அவர் நின்ற மேடையும் தீர்மானிக்கிறது என்று மாணவரே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

நம்மவர்களும் நின்ற மேடை

சரி, பேராக்குக்குத் திரும்புவோம். 1947இல் பி.கே.எம்.எம்., ஆப்பி, அவாஸ் முதலியவை சேர்ந்து 'பூத்ரா' என்ற கூட்டணியானது. மறுபக்கம் டான் செங் லோக் தலைமையில் ஏ.எம்.சி.ஜே.ஏ. இருந்தது. ஜான் திவி தலைமையிலான ம.இ.கா.வும், எஸ்.ஏ. கணபதி தலைவராக இருந்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனமும் அதில் அங்கம். இரண்டு கூட்டணியும் சேர்ந்து மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவை வரைந்தன. அதில் எல்லா இனத்தாருக்கும் பொதுக் குடியுரிமை, அந்தக் குடியுரிமைக்கு 'மெலாயு' என்றே பெயர். 1947 அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது.

தோட்டத்துத் தமிழர், ஈயச் சுரங்கத்துச் சீனர், கம்பத்து மலாய்க்காரர் என எல்லாரும் ஒரே கோரிக்கைக்காகக் கடையையும் வேலையையும் நிறுத்திய நாள் அது. பிரிட்டிஷார் அந்த முன்மொழிவை ஏற்கவில்லை. 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு அமைந்தது.

பிறகு வந்தது 1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதும் வந்தது. ஜூலையில் பூஸ்தமாம் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டுகளில் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி வந்த கதையும், அரிசியை அளந்து கொடுத்த கதையும் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன.

சிறை, தேர்தல், மறுபடியும் சிறை

பூஸ்தமாம் 1955 வரை, ஏழு ஆண்டு தடுப்புக்காவலில் இருந்தார். அந்த அனுபவத்தைப் பின்னாளில் ஒரு நூலாக எழுதினார். அதன் தலைப்பின் பொருள் 'ஏழாண்டு நீண்ட இரவு'. வெளியே வந்த அதே ஆண்டு நவம்பரில் பார்ட்டி ராக்யாட்டைத் தொடங்கினார். 1957இல் அது தொழிற்கட்சியோடு சேர்ந்து சோசலிச முன்னணியானது. 1959 பொதுத் தேர்தலில் அந்த முன்னணி 8 நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றது. செத்தாப்பாக்கில் பூஸ்தமாம், பங்சாரில் தொழிற்சங்கவாதி வி. டேவிட், தாமான்சாராவில் வழக்கறிஞர் கரம் சிங். மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் என ஒரே அணியில் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள்.

மலேசியா அமைவதை அவர் எதிர்த்த காலத்தில், 1963 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் கைது செய்யப்பட்டார். 1967இல் விடுதலை. முன்னது பிரிட்டிஷ் சிறை, பின்னது சுதந்திர நாட்டின் சிறை. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 11 ஆண்டு. அதன் பிறகு புதுக் கட்சி தொடங்கியும் தேர்தல் அரசியலில் பழைய இடம் கிடைக்கவில்லை. எழுத்து மட்டும் கூடவே வந்தது. நினைவுக் குறிப்புகள், புதினங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1983 ஜனவரி 19 அன்று காலமானார். எழுத்தாளரும் அரசியல் ஆய்வாளருமான ருஸ்தாம் ஏ. சானி இவருடைய மகன்.

அவருடைய எல்லா முடிவும் சரி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவோடு இணையும் கனவு மலாய்க்காரர் அல்லாதாருக்கு என்ன பதில் வைத்திருந்தது என்ற கேள்வி நியாயமானது. இரத்த முழக்கம் எதிராளிக்குத் தடை போடக் காரணம் தந்தது என்பதும் உண்மை. இதையும் விடையில் எழுதத் தெரிந்த மாணவர்தான் மதிப்பிடத் தெரிந்தவர்.

தேர்வு அறைக்குள் போகும் முன்

அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் இவை:

1. கே.எம்.எம். வேறு, பி.கே.எம்.எம். வேறு. முன்னது போருக்கு முந்தைய இளைஞர் சங்கம், பின்னது 1945இல் ஈப்போவில் பிறந்த கட்சி.
2. ஆப்பி தடை செய்யப்பட்டது 1947 ஜூலை. அவசரகாலம் 1948 ஜூன். அவசரகாலத்தால் ஆப்பி தடையானது என்று எழுதினால் தவறு.
3. ஆப்பி இளைஞர் பிரிவு, அவாஸ் பெண்கள் பிரிவு.
4. பூத்ரா மலாய் அமைப்புகளின் கூட்டணி. ம.இ.கா. இருந்தது ஏ.எம்.சி.ஜே.ஏ.வில்.
5. பி.கே.எம்.எம்.இன் தலைவர் பூஸ்தமாம் என்று எழுதாதீர்கள். அவர் ஆப்பியின் தலைவர்.

பயிற்சிக் கேள்வி ஒன்று: 'விடுதலைப் போராட்டத்தில் நாளிதழ்களின் பங்கை அகமட் பூஸ்தமாமின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குக.' விடையை நான்கு படியாகக் கட்டுங்கள். 1945இன் சூழல், நாளிதழிலிருந்து கட்சி உருவான விதம், எழுத்துக்கு அரசு காட்டிய எதிர்வினை, கடைசியாக உங்கள் மதிப்பீடு. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆண்டும் ஓர் இடமும் இருக்கட்டும். 'அதனால்', 'இதன் விளைவாக' என்ற இணைப்புச் சொற்கள் வரட்டும். அந்தச் சொல் வராத இடத்தில் நீங்கள் மனப்பாடத்தைக் கொட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன இடுபணி யோசனையும் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் மாணவர் போய் இரண்டு கேள்வி மட்டும் கேட்கட்டும். "உங்க தோட்டத்துல பேப்பர் யாரு படிப்பாங்க? படிச்சதுக்கு அப்புறம் எதைப் பத்திப் பேசிக்குவாங்க?" பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. அந்தக் குரல்களைக் கேட்க நமக்கு இருக்கும் காலமும் குறைவு. பதிலை அரைப் பக்கம் எழுதி வரட்டும். அடுத்த வகுப்பில் அந்த அரைப் பக்கத்தையும் 'சுவாரா ராக்யாட்' கதையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு 'இவர் வேலை செய்த ஊர் எது?' என்ற பழைய கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள்.